குன்னூருக்கு முதற் பயணம்: கண்டிக்குப் போகுமுன் தீர்மானிக்க வேண்டியவை

இந்தியாவுக்குப் புறப்படத் தயாரான குடும்பத்திடம் "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டால், "இந்தியாவுக்குத்தான்" என்று பதில் வந்தது. இந்தியா ஓர் ஊரின் பெயரல்ல. தலவாக்கலையிலிருந்து அட்டனுக்குச் சாமான் வாங்கப் போகிறவர் "இலங்கைக்குப் போகிறேன்" என்று சொல்வதில்லை. எந்த ஊர், எந்தத் தோட்டம், யார் வேலை கொடுப்பது, பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் என்ற கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் கப்பலேறியவர்கள் மண்டபத்தில் முதலில் வந்து பேசியவனின் சொல்லை நம்பிப் போய்விட்டார்கள்.

இந்தப் பாடத்துக்குக் குன்னூரை எடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்லோரும் குன்னூருக்குப் போக வேண்டும் என்பதற்காக அல்ல. தேயிலைத் தொழில் தெரிந்தவர்கள் அதிகமாகப் போன நீலகிரி மலையில் நடுத்தரமான ஒரு டவுன் அது. குன்னூரைப் பற்றிக் கேட்கப் பழகியவர், கேரளத்துப் புனலூரையோ கர்நாடகத்துச் சுள்ளியாவையோ பற்றியும் அதே விதமாகக் கேட்டுவிடுவார்.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொண்டது. 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பதென்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தக் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் குடும்பங்களின் வாழ்க்கையைத் தீர்மானித்தது இந்தக் கணக்கல்ல, கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகர் காரியாலயத்தில் எழுதிக் கொடுத்த குடும்ப அட்டை. எந்தப் புனர்வாழ்வுத் திட்டத்தின் கீழ் போகிறார்கள் என்பது அதில் இருந்தது. தோட்ட வேலையா, தொழில் தொடங்கக் கடனா, வேறு ஏதாவதா என்பதெல்லாம் கடலைப் பார்க்குமுன்பே முடிவாகிவிட்டது. அக்கரைக்குப் போய் "மாற்றித் தாருங்கள்" என்று கேட்டு, மாதக்கணக்கில் முகாம் வாசலில் நின்றவர்கள் இருந்தார்கள். ஆகையால் யோசிக்க வேண்டியிருந்த இடம் மண்டபமல்ல, லயத்துக் காம்பரா.

மிக அதிகமானோர் தேர்ந்தெடுத்தது தொழில் கடன். 5,000 ரூபாய் வரை கிடைக்கும், சொந்த ஊரிலே கடை வைக்கலாம், துரையும் இல்லை கங்காணியும் இல்லை என்ற நினைப்பு இனிக்கத்தான் செய்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்தோ புதுக்கோட்டையிலிருந்தோ சேலத்திலிருந்தோ புறப்பட்டு அறுபது, எழுபது வருஷமாகியிருந்தது. அந்தக் கிராமத்தில் உங்கள் பெயரைத் தெரிந்தவர் எத்தனை பேர்? நிலம் இருந்ததா? இருந்தால் இன்று யார் உழுகிறார்? பங்கு கேட்டு வருகிறாரோ என்று பயப்படும் சொந்தக்காரர், இரண்டாம் நாளே முகத்தை மாற்றிக்கொள்வார். லயத்தில் பெரிதாகப் பார்க்காத சாதி, கிராமத்தில் கிணற்றடியிலும் டீக்கடையிலும் முன்னால் வந்து நிற்கும். கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் தெரிந்த கைக்கு, கடையில் கடன் கொடுத்து வசூலிக்கத் தெரியாது. அது குறையல்ல, வேறு தொழில் என்பதுதான் விஷயம். முதலும் கரைந்து, கடனும் தலையில் நின்று, கடைசியில் தேயிலை வேலை தேடி நீலகிரிக்கே ஏறி வந்த குடும்பங்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் நிறைய உண்டு. நேராக வந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அரசாங்கத் தோட்ட வேலை, இப்படிச் சுற்றி வந்தவர்களுக்குக் கிடைப்பது கடினமாயிருந்தது. அவர்கள் சிறு தோட்டக்காரர்களிடம் நாட்கூலிக்கு நின்றார்கள்.

கடை நடத்தியே பழகியவர், தையல் தெரிந்தவர், லொறி ஓட்டுகிறவர் கடனைக் கேட்டிருக்கலாம். மற்றவர்கள் தெரிந்த தொழிலை விட்டுப் போகாமலிருப்பது நல்லது என்பதே எங்கள் அபிப்பிராயம்.

சரி, குன்னூர் எப்படிப்பட்ட இடம்? கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,000 அடி. அட்டன் 4,000 அடியைச் சற்றுத் தாண்டும். நுவரெலியா 6,000 அடிக்கு மேல். ஆகவே குன்னூர்க் குளிர் நுவரெலியாக் குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பளியை "இந்தியா சூடான நாடு" என்று சொல்லி விற்றுவிட்டுப் போகாதீர்கள். மழைக்காலம் மட்டும் வேறு. அட்டனில் வைகாசி, ஆனியில் கொட்டுகிற மழை, அங்கே கூடலூர்ப் பக்கம்தான் அப்படிப் பெய்யும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அந்த மாதங்களில் மலைப்பாதையில் மண் சரியும். கைக்குழந்தையும் வயதானவர்களும் உள்ள குடும்பம் அந்த நேரத்தில் போய் இறங்காமலிருப்பது நல்லது. வாடைக் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பலும் நின்றுவிட்டதுண்டு.

தேயிலை ஏலம் 1963 முதல் குன்னூரிலேயே நடக்கிறது. தாயகம் திரும்புவோருக்காகத் தமிழ்நாடு அரசாங்கம் 1968இல் ஆரம்பித்த தேயிலைத் திட்டம், 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. எல்லோரும் சுருக்கமாக "டான்டீ" என்கிறார்கள். அதன் தலைமைக் காரியாலயம் இருப்பது குன்னூரில். ஆனால் டான்டீ தோட்டம் என்றால் டவுனுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கோத்தகிரி, நடுவட்டம், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி என்று அவை மலை முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. கூடலூர்ப் பக்கத்துப் பிரிவு ஒன்றிலிருந்து குன்னூருக்குப் போய் வர ஒரு நாள் போய்விடும். அங்கே மலையாளமும் அதிகம் கேட்கும், யானையும் வரும்.

இன்னொன்று தொழில் தெரிந்தவர்களுக்காகச் சொல்கிறோம். இவை வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டங்கள் அல்ல. காட்டை வெட்டிப் புதிதாக நட்டவை. இளஞ்செடி நாலைந்து வருஷம் கொழுந்துக்கு வராது. முதல் வருஷங்களில் குழி வெட்டுதல், நடுதல், புல்லு வெட்டுதல்தான் வேலை. "மனைவி நாளைக்கு இருபது கிலோ எடுப்பாள்" என்று இங்கேயிருந்தே கணக்குப் போட்டுக்கொண்டு போகக்கூடாது.

போகுமுன் ஒருவர் போய்ப் பார்த்து வர முடிந்ததா? கையில் பணமும், திரும்பி வருவதற்கான அனுமதி பாஸ்போர்ட்டில் முத்திரையாகவும் இருந்தால் முடிந்தது. முத்திரை இல்லாமல் "பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்" என்று கப்பலேறியவர் அக்கரையிலேயே நின்றுவிட்டார், குடும்பம் இக்கரையில் நின்றது. அப்படிப் போக முடிந்தவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்கு முதற் பயணம் கடிதத்தில்தான். உங்கள் தோட்டத்திலிருந்தோ பக்கத்துத் தோட்டத்திலிருந்தோ போனவர் யாராவது நீலகிரியில் இருப்பார். அவருக்கு எழுதுங்கள். "சுகமா, ஊர் எப்படி" என்று எழுதினால் "கடவுள் புண்ணியத்தில் சுகம்" என்றே பதில் வரும். கஷ்டப்படுகிறவரும் வெட்கத்தினால் அப்படித்தான் எழுதுவார். போன மாதம் எத்தனை நாள் பேர் விழுந்தது, கையில் எவ்வளவு கிடைத்தது, ஒரு காம்பராவில் எத்தனை பேர், தண்ணீர் எவ்வளவு தூரம், பிள்ளைகள் நடந்து போகும் பள்ளிக்கூடத்தில் எத்தனையாம் வகுப்பு வரை இருக்கிறது, போன பிரசவம் எங்கே நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். எண்ணிக்கையில் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வது கடினம். புருஷன், மனைவி இருவருக்கும் பேர் பதிவார்களா என்பதைத் தனியாகக் கேளுங்கள். லயத்தில் இரண்டு பேர் சம்பளத்தில் ஓடிய குடும்பம், அங்கே ஒரு சம்பளத்தில் நிற்க நேர்ந்தால் அது வேறு வாழ்க்கை.

இந்தியாவில் 1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று இருந்தது. வீடு, வைத்தியம், பிள்ளை மடுவம் ஆகியவற்றைத் தோட்டமே கொடுக்க வேண்டும் என்று அது சொன்னது. கடிதம் எழுதும்போது இவை உண்மையில் இருக்கின்றனவா என்றும் கேட்கலாம்.

வீட்டிற்குள் பேசி முடிக்க வேண்டிய விஷயம் இதைவிடக் கடினமானது. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியப் பிரஜாவுரிமை, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று கிடைத்த குடும்பங்கள் எத்தனையோ. தாயும் தகப்பனும் யாரோடு போவது? அட்டையில் யார் பெயர் யாரோடு எழுதப்பட்டதோ அவர்களே ஒன்றாகப் பயணம் செய்தார்கள். கல்யாணம் பேசி வைத்திருந்த பெண்ணின் பெயர் தகப்பன் அட்டையில் இருந்தால், மாப்பிள்ளை இங்கேயே நின்றுவிட நேர்ந்தது. கண்டிக்குப் போகிற அன்று பஸ்ஸில் பேசி முடிக்கக் கூடிய காரியமல்ல இது. கிழவர்களிடமும் கேளுங்கள். "நீங்கள் எங்கே சொல்கிறீர்களோ அங்கே" என்று அவர்கள் சொல்வதை மட்டும் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பணத்தைப் பற்றி. ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் உங்களுடையவை; ஒப்பந்தப்படி அவற்றைக் கொண்டுபோக உரிமை இருந்தது. ஒரு குடும்பம் கொண்டுபோகக் கூடிய உச்சத் தொகையை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. புறப்படுமுன் தோட்டத்துக் கந்தோரில் கணக்கைத் தீர்த்து, எழுத்தில் வாங்குங்கள். பேரும் தகப்பன் பேரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாக் கடதாசியிலும் இருக்கிறதா என்று படித்தவர் ஒருவரைக் கொண்டு பாருங்கள். "ராமாயி" ஒன்றிலும் "இராமாய்" ஒன்றிலும் இருந்தால் அக்கரையில் இரண்டு ஆளாகிவிடுவார். ரூபாய் என்ற பெயர் ஒன்றே தவிர மதிப்பு ஒன்றல்ல. அப்போது இலங்கை ரூபாய் ஏறக்குறைய இரண்டு சேர்ந்தால்தான் இந்திய ரூபாய் ஒன்றாயிற்று. கையில் இருந்த தொகையைப் பாதியாக நினைத்துத் திட்டம் போட வேண்டியிருந்தது.

பயணம் இப்படி இருந்தது. அட்டனிலோ நானுஓயாவிலோ கோச்சி ஏறி, பேராதனை, பொல்காவலை, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார். நம் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்த வண்டி இதுதான். அழுகிறவர்கள் அழட்டும். கடதாசிப் பை மட்டும் அழாதவர் ஒருவர் கையில் இருக்க வேண்டும். தலைமன்னாரில் சுங்கச் சோதனை முடிந்து 'ராமானுஜம்' கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். அங்கிருந்து பாம்பன் பாலத்தில் அப்போது ரயில்தான் போனது, பஸ் இருக்கவில்லை. பாலம் தாண்டினால் மண்டபம் முகாம். நம் தாத்தா பாட்டிமாரை இலங்கைக்குக் கொண்டுவருமுன் நோய்ச் சோதனைக்காக அடைத்து வைத்த அதே மண்டபம்தான்.

முகாமிலும் அதற்கு முன்னால் ரயிலிலும் அன்பாகப் பேசும் ஆட்கள் வந்தார்கள். "கடன் பணத்தைச் சீக்கிரம் எடுத்துத் தருகிறேன்", "அட்டையை என்னிடம் கொடு", "மலையில் மரம் வெட்ட ஆள் வேண்டும், குடும்பத்தோடு வா, இப்போதே 500 ரூபாய் முன்பணம்" என்றார்கள். கடைசியாகச் சொன்னதுதான் மிக ஆபத்து. முன்பணம் வாங்கிய குடும்பம் அது அடையும்வரை வெளியேற முடியாமல் காட்டில் கிடந்தது; அடையாதபடி கணக்கு எழுதுவது அவன் கையில் இருந்தது. துண்டு முறை என்று நம் முன்னோர்களைக் கட்டி வைத்ததும் இதைப் போன்ற கணக்குத்தான். இந்தியாவில் 1976ஆம் வருஷத்துச் சட்டப்படி கொத்தடிமை குற்றம், அந்தக் கடனும் செல்லாது. குடும்ப அட்டையைப் பார்க்க உரிமை இருந்தது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உத்தியோகத்தருக்கு மட்டுமே. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்வரை மேசையை விட்டு நகராதீர்கள்.

தோட்டத்தில் இடம் காலியாகும்வரை முகாமில் காத்திருக்கச் சொன்னதுண்டு. அந்தக் காத்திருப்பில்தான் பலர் பொறுமையிழந்து தரகனோடு போனார்கள். அரிசி, பருப்பு தவிர சில மாதச் செலவுக்கு ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருந்தால் பொறுமையாக இருக்க முடியும்.

மண்டபத்திலிருந்து மதுரை, கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையம். அங்கிருந்து பல்சக்கர ரயிலிலோ பஸ்ஸிலோ குன்னூர். பஸ்ஸில் வளைவுகள் அதிகம். பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்காமலிருப்பது நல்லது. இறங்கியவுடன் "கோச்சி எத்தனை மணிக்கு", "ஒரு பாண் கொடுங்கள்", "சவர்க்காரம் இருக்கிறதா" என்று கேட்டால் விழிப்பார்கள். அங்கே ரயில், ரொட்டி, சோப்பு. "சிலோன்காரங்களா?" என்று கேட்பார்கள். சிலர் அதை வசவாகச் சொல்லுவார்கள், பெரும்பாலோர் அடையாளத்துக்குத்தான் சொல்லுகிறார்கள். படகர்கள் பேசுவது தமிழல்ல, அவர்களுடைய சொந்தப் பாஷை; சந்தையிலே தமிழில் பேசுவார்கள்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியது ரேஷன் கார்டுக்கு எழுதிக் கொடுப்பது. அதற்கும் குடும்ப அட்டை என்றே பெயர். ஆகவே யாராவது "குடும்ப அட்டை கொண்டு வா" என்றால் கண்டி அட்டையா, ரேஷன் அட்டையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளை அதே வாரம் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும். இங்கே வாங்கிய விடுகைப் பத்திரம் போதுமாயிருந்தது, வருஷ முடிவு வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கூடலூர்ப் பக்கம் யாராவது குறைந்த விலைக்கு நிலம் என்று காட்டினால் முதலில் பட்டாவைக் கேளுங்கள். அங்கே ஜன்ம நிலங்களை அரசாங்கம் எடுத்துக்கொள்ள 1969இல் சட்டம் செய்தது. யாருக்குச் சொந்தம் என்று தீராத நிலம் அந்தப் பக்கம் நிறைய உண்டு. முத்திரைத்தாளில் எழுதிய கைக்கடதாசி பட்டாவாகாது. சேமலாப நிதி முழுவதையும் அப்படி ஒரு கடதாசிக்குக் கொடுத்துவிட்டு, குடிசை போட்ட பிறகு வனத்துறையினர் வந்து கேட்கும்போது காட்ட ஒன்றுமில்லாமல் நிற்க நேரும். தாசில்தார் கந்தோரில் சர்வே இலக்கத்தைக் கொடுத்துக் கேட்டால் சொல்லுவார்கள். அதற்கு ஒரு நாள் சம்பளம் போகும்.