தாளில் படிப்பவருக்கும் இடம் கொடு

அன்புள்ள மருமகளுக்கு,

ஊர் நூலகத்துக்காக நீ செய்திருக்கும் இணையதளத்தைப் பார்த்தேன். எழுத்தும் படமும் கண்ணுக்கு இதமாக இருக்கின்றன. “இந்தக் காலத்தில் யார் மாமா பிரிண்ட் எடுக்கிறார்கள்? அதற்கென்று தனிப் பக்கம் வேண்டுமா?” என்று கேட்டிருந்தாய்.

போன மாதம் எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் ஒரு பெரியவர் ஓய்வூதிய அறிவிப்பு ஒன்றை இணையத்திலிருந்து அச்செடுத்துத் தரச் சொன்னார். விஷயம் இரண்டே பத்தி. வந்தது ஏழு தாள். முதல் தாள் முழுக்க மெனு. கடைசித் தாளில் ஒரே ஒரு வரி. ஏழுக்கும் காசு கொடுத்துவிட்டு, தனக்கு வேண்டிய பத்தி எந்தத் தாளில் இருக்கிறது என்று அங்கேயே நின்று தேடினார். அந்தப் பக்கத்தைச் செய்தவர் ஒருமுறைகூட அதை அச்செடுத்துப் பார்த்திருக்க மாட்டார். உன் நூலகத்துக்கு வருகிறவர்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்தானே அதிகம்? அவர்கள் தாளில் அடிக்கோடிட்டுப் படிப்பவர்கள். ஒவ்வொரு தாளும் அவர்களுக்குச் செலவு.

ஆகவே அச்சுக்கு வழி செய்வது அவசியம். ஆனால் தனிப் பக்கம் வேண்டாம். ஒரே செய்தியை இரண்டு இடத்தில் வைத்தால், ஒன்றைத் திருத்தும்போது மற்றது மறந்துபோகும். நூலக நேரம் மாறியது திரையில் தெரியும்; அச்சுப் பக்கம் பழைய நேரத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இதற்கு வழி பிறந்து வெகுகாலம் ஆகிறது. இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின், 1998 மே மாதம் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலேயே, திரைக்கு ஒரு விதி, தாளுக்கு ஒரு விதி என்று எழுத இடம் கொடுத்துவிட்டார்கள். பக்கம் ஒன்றுதான், அச்சுக்குப் போகும்போது மட்டும் வேறு உடுப்பு. இருபது முப்பது வரியில் முடிகிற வேலை அது.

அச்சுக்கான விதியில் மெனு, தேடல் பெட்டி, பகிர்வுப் பொத்தான்கள் எல்லாவற்றையும் மறைத்துவிடு. திரையின் உச்சியில் அசையாமல் நிற்கும் தலைப்புப் பட்டை உன் தளத்திலும் இருக்கிறது. அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு தாளிலும் வந்து உட்கார்ந்து வரிகளை மறைக்கும். சாம்பல் நிற எழுத்தைக் கறுப்பாக்கு. தமிழுக்கு இது முக்கியம்: மை குறைந்த பிரிண்டரில் முதலில் மங்குவது புள்ளிதான். புள்ளி போனால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும். “மேலும் படிக்க” என்று நீ மடித்து வைத்திருக்கும் பகுதிகள் தாளில் விரிந்தே வரவேண்டும்; தாளை யாரும் தொட்டு விரிக்க முடியாது. அதுபோலத்தான் இணைப்புகளும். அவற்றின் முகவரி பக்கத்திலேயே எழுத்தாக அச்சாகட்டும். அட்டவணையின் ஒரு வரிசை இரண்டு தாளுக்கு நடுவே பிளவுபடாமல் பார்த்துக்கொள். பக்கம் கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியும் இருக்கட்டும்; சுவரில் ஒட்டிய தாள் எத்தனை பழையது என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

பிடிஎஃப் போதாதா என்றும் கேட்பாய். முழு நூலுக்கு அது பொருத்தம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையப் பக்கமாகவும் பிடிஎஃபாகவும் தருகிறது. நூறு பக்க நூலை அச்செடுக்க விரும்புகிறவருக்கு அதுதான் வசதி. ஆனால் அரைப் பக்க அறிவிப்பைப் பிடிஎஃபில் மட்டும் போடுவதை நான் ஏற்கமாட்டேன். கைபேசியில் அதைப் பெரிதாக்கி, இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்கவேண்டியிருக்கும். தாளில் படிப்பவருக்கு உதவப் போய்க் கைபேசியில் படிப்பவரைக் கைவிடலாமா?

இன்றைக்கே உன் பக்கத்தைத் திறந்து, அச்சு முன்னோட்டத்தில் பார். எத்தனை தாள் வருகிறது, அதில் எத்தனையில் விஷயம் இருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா