பிடித்த குரலும் சரிபார்த்த செய்தியும்: பாட்காஸ்ட் கேட்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



சென்ற மாதக் குடும்ப அமர்வில் வழக்கமான தலைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, "நீங்கள் விரும்பிக் கேட்கும் பாட்காஸ்ட் எது, ஏன்?" என்று கேட்டோம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தோம். மஃரிப் பாங்கு சொல்லும்வரை பேச்சு ஓயவில்லை. சமையலறையில் போனைச் சாய்த்து வைத்துக் கேட்பவர்கள் இருந்தார்கள். பைக் ஓட்டிக்கொண்டே இயர்போனில் கேட்பவர்களும் இருந்தார்கள். அது வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டோம். துபாயில் வேலை பார்க்கும் மகனும் தானும் ஒரே பகுதியைக் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை போனில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதாக ஓர் உம்மா சொன்னார். பிள்ளையோடு பேச விஷயம் கிடைக்கிறதே என்ற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

அன்று வந்த பதில்களில் ஒன்றைக் கவனித்தோம். ஏறக்குறைய எல்லாமே தொகுப்பாளரைப் பற்றியவை. "நல்லாப் பேசுறார்." "நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கு." "அந்த ராத்தா குரலைக் கேட்டாலே மனசு லேசாயிடுது." கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் மட்டும், "எல்லாம் சரி வாப்பா, அவர் சொன்னதை யாராச்சும் சரிபார்த்தீங்களா?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மாதப் பாடம்.

குரலில் மயங்குவது குற்றமல்ல. ரேடியோவும் டிவியும் பரவிய காலத்தில், 1956இலேயே டொனால்டு ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். நிகழ்ச்சி நடத்துபவரை நேயர் தம் நண்பராகவே உணரத் தொடங்குகிறார். அவருக்கோ இப்படி ஒரு நேயர் இருப்பதே தெரியாது. பாட்காஸ்டில் இந்த நெருக்கம் இன்னும் அதிகம். காதுக்குள்ளேயே பேசுகிறார், நாம் தனியாக இருக்கும்போது பேசுகிறார், வாரம் தவறாமல் வருகிறார். சொந்தக்காரர்கள்கூட அப்படி வருவதில்லை.

இந்த நெருக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம். 2018 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 'காலிஃபேட்' என்ற ஒலித்தொடரை வெளியிட்டது. தொகுப்பாளர் ருக்மிணி காலிமாக்கி. ஐ.எஸ். அமைப்பைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர். இராக்கின் மோசுல் பகுதியில் அந்த அமைப்பு விட்டுச்சென்ற காகிதங்களை ஆயிரக்கணக்கில் திரட்டிக்கொண்டு வந்தவர். தொடரின் நடுநாயகமாக இருந்தவர் கனடாவில் வாழ்ந்த ஓர் இளைஞர். 'அபூ ஹுதைஃபா' என்ற பெயரில் பேசிய அவர், தாம் சிரியாவுக்குப் போய் அந்த அமைப்பில் சேர்ந்ததாகவும், தம் கையாலேயே கொலைத் தண்டனை நிறைவேற்றியதாகவும் விவரித்தார். கேட்டவர்கள் உறைந்துபோனார்கள். கனடா நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர், இப்படிப்பட்ட ஒருவர் எப்படி வெளியே நடமாடுகிறார் என்று அரசைக் கேட்டார்கள். அந்த நாட்களில் கனடாவில் தாடியோடு வேலைக்குப் போன ஒருவரையோ, முக்காடு போட்டுப் பள்ளிக்கூடம் போன ஒரு பெண் பிள்ளையையோ நினைத்துப் பாருங்கள்.

தொடர் பீபடி விருது வாங்கியது. புலிட்சர் பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம் பிடித்தது.

2020 செப்டம்பரில் கனடா காவல்துறை அந்த இளைஞர்மீது வழக்குப் போட்டது. பயங்கரவாதி என்று அல்ல. பயங்கரவாதம் செய்ததாகப் பொய் சொல்லி மக்களை அச்சுறுத்தினார் என்று! அதே ஆண்டு டிசம்பரில், இந்தத் தொடர் தங்கள் தரத்தை எட்டவில்லை என்று நாளிதழே ஒப்புக்கொண்டு, பீபடி விருதைத் திருப்பிக் கொடுத்தது. 2021 அக்டோபரில் அந்த இளைஞர் தாம் சொன்னது கட்டுக்கதை என்று ஒப்புக்கொள்ள, வழக்கும் முடிந்தது.

இதில் நாம் படிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. தொகுப்பாளருக்குச் சந்தேகமே வரவில்லை என்று சொல்ல முடியாது. ஆறாம் பகுதியில் அந்த இளைஞர் சொன்ன தேதிகள் ஒத்துவரவில்லை என்று அவரே சொல்கிறார். பாஸ்போர்ட்டையும் பயண விவரங்களையும் தோண்டுகிறார். கேட்பவருக்கு என்ன தோன்றும்? "பாருங்கள், எவ்வளவு நேர்மையான ஆள்! தன் சந்தேகத்தைக்கூட மறைக்கவில்லை." அவர்மேல் நம்பிக்கை கூடிவிடுகிறது. சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்வது ஒரு வேலை. அதைத் தீர்க்காமல் அடுத்த பகுதிக்குப் போகாமல் இருப்பது வேறொரு வேலை. முதலாவது நடந்தது. இரண்டாவது நடக்கவில்லை. தொடர் போய்க்கொண்டே இருந்தது.

அமர்வில் ஒரு சகோதரர் கேட்டார்: "அந்த அம்மா நல்ல செய்தியாளர் என்கிறீர்கள், பிறகு தவறு செய்தார் என்கிறீர்கள். ஒருவரைப் பற்றி இப்படிப் பேசுவது புறம் ஆகாதா?" நல்ல கேள்வி. அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் வந்த செய்தியைத் தீர விசாரிப்பதைப் பற்றியது. 12ஆம் வசனம் புறம் பேசுவதைத் தடுப்பது. இரண்டும் ஒரே அத்தியாயத்தில் அருகருகே இருக்கின்றன. ஹதீஸ் கலை அறிஞர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வழி வகுத்தார்கள். ஒரு செய்தியை அறிவித்தவர் நம்பத்தக்கவரா, அவருடைய நினைவாற்றல் எப்படி, யாரிடமிருந்து கேட்டார் என்று ஆராய்ந்து எழுதிவைத்தார்கள். தொழுகையில் பேணுதலான ஒருவர், ஊரார் மதிக்கும் ஒருவர், ஆனால் நினைவு பிசகுபவர் என்றால் அதையும் எழுதினார்கள். அவர் அறிவித்ததை ஏற்கத் தயங்கினார்கள், அவரை வெறுக்கவில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஒருவரின் குறையைப் பேசுவதற்கு அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களைச் சொல்லும்போது, மக்களை எச்சரிக்கும் தேவைக்காகப் பேசுவதை அவற்றில் சேர்த்து, அறிவிப்பாளர் விமர்சனத்தை அதற்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

ஆகவே, ஒரு தொகுப்பாளரைப் பற்றிப் பேசும்போது அவர் செய்த வேலையைப் பேசலாம். யாரிடம் கேட்டார், மறுதரப்பைக் கேட்டாரா, தவறு தெரிந்தபின் திருத்தினாரா என்பதெல்லாம் கேட்பவருக்குத் தேவையானவை. அவர் நிறம், உடை, கணவன் மனைவி விவகாரம், உச்சரிப்பு இவையெல்லாம் நமக்கு எதற்கு? அன்று ஒரு பெண் தொகுப்பாளரைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் தலையை மூடவில்லை என்பதிலேயே பத்து நிமிடம் போனது. அவர் என்ன சொன்னார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்கு அமர்வை நடத்திய நாங்களும் பொறுப்பு.

இதுவரை சொன்னது நமக்குச் சுலபமான பக்கம். நம்மைத் தவறாகக் காட்டிய தொடர் ஒன்று பொய்யானது என்று தெரிந்தால் தலையாட்டுவது எளிது. நமக்குச் சாதகமாகப் பேசும் தொடர் என்றால் என்ன செய்வோம்?

2022 பிப்ரவரியில் 'தி ட்ரோஜன் ஹார்ஸ் அஃபேர்' என்ற எட்டுப் பகுதித் தொடர் வந்தது. தொகுப்பாளர்கள் இருவர். ஒருவர் அமெரிக்கரான பிரையன் ரீட். மற்றவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஹம்ஸா சையத். மருத்துவராக இருந்துவிட்டுச் செய்தித்துறை படிக்கப் போனவர். விஷயம் இதுதான். 2013 இறுதியில் பர்மிங்ஹாம் மாநகராட்சிக்குப் பெயரில்லாத ஒரு கடிதம் வந்தது. முஸ்லிம்கள் சிலர் கூட்டுச்சதி செய்து அரசுப் பள்ளிகளைக் கைப்பற்றுகிறார்கள் என்பது அதன் சாரம். 2014 மார்ச்சில் அது பத்திரிகைகளில் வெடித்தது. விசாரிக்க அரசு அனுப்பியவர் பயங்கரவாதத் தடுப்புக் காவல்துறையின் முன்னாள் தலைவர். பள்ளிக்கூட விவகாரத்துக்கு அப்படி ஓர் ஆள்! 2012இல் அரசு ஆய்வில் மிகச் சிறந்த பள்ளி என்ற தரம் பெற்றிருந்த பார்க் வியூ பள்ளி தலைகீழானது. ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். மூத்த ஆசிரியர்கள்மீது நடந்த ஒழுங்கு நடவடிக்கை, ஆவணங்களை எதிர்த்தரப்புக்குக் கொடுக்காத காரணத்தால் 2017இல் கைவிடப்பட்டது. ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியவர் யார் என்று அரசு தேடவே இல்லை. ஹம்ஸா தேடினார்.

அமர்வில் இந்தத் தொடரைக் கேட்டிருந்த இளைஞர்கள் இருவருக்கும் ஹம்ஸா என்றால் உயிர். "நமக்காகக் கோபப்படுற ஒரு ஆளு, காக்கா" என்றார் ஒருவர். அந்தக் கோபம் நியாயமானது என்றே நாங்களும் கருதுகிறோம். ஹம்ஸா பக்கம் சாராதவராக இருக்க முடியாமல் திணறுவதையும், அதனால் ரீடுக்கும் அவருக்கும் வரும் பிணக்கையும் தொடரிலேயே கேட்கலாம். அதை ஒளிக்காமல் வைத்ததற்காக அவர்களை மதிக்கிறோம். ஆனால் மேலே காலிஃபேட்டுக்கு நாம் வைத்த அளவுகோலை இங்கே மடித்து உள்ளே வைத்துவிடக் கூடாதே. இந்தத் தொடர் வந்தபோது பிரிட்டிஷ் பத்திரிகைகளில் ஒரு விமர்சனம் எழுந்தது: கடிதம் போலியானது என்பதால், அந்தப் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதம் பற்றிய புகார்கள் எல்லாமே போலி என்று ஆகிவிடுமா? அவற்றைத் தொடர் போகிற போக்கில் கடந்துவிட்டது என்றார்கள். அமர்வில் இதை எடுத்துச் சொன்னது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி. இளைஞர்கள் இருவரும் சட்டென்று எதிர்த்தார்கள். பிறகு ஒருவர், அந்தப் பகுதியைத் தான் திரும்பக் கேட்டுவிட்டு வந்து பேசுவதாகச் சொன்னார். அன்றைய அமர்வில் எங்களுக்கு மிகவும் பிடித்த பதில் அதுதான்.

இன்னொரு தொடரைப் பற்றிச் சுருக்கமாக. உலகம் முழுக்கப் பாட்காஸ்ட் கேட்கும் பழக்கத்தைப் பரப்பியதில் 2014இல் வந்த 'சீரியல்' தொடருக்குப் பெரிய பங்கு உண்டு. சாரா கோனிக் தொகுத்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் 1999இல் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி கொல்லப்பட்ட வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற அத்னான் சையத் உண்மையில் குற்றவாளியா என்று கேட்ட தொடர் அது. பெயரைப் பார்த்தே நம்மில் பலர் முடிவுக்கு வந்துவிடுவோம். வழக்கோ நம் வேகத்துக்கு வளையவில்லை. 2022இல் தண்டனைத் தீர்ப்பு ரத்தானது. பிறகு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு திரும்ப நிலைநிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில், குற்றத் தீர்ப்பு நிலுவையில் இருக்க, சிறையில் கழித்த காலமே போதும் என்று நீதிபதி சொன்னார். இடையில் 2022 விசாரணையில் இறந்த பெண்ணின் சகோதரர் பேசினார். இது தமக்குப் பாட்காஸ்ட் இல்லை, வாழ்க்கை என்பதே அவர் சொன்னதன் பொருள். "செம எபிசோட்" என்று நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியை அந்தச் சகோதரர் படிக்க நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. பாட்காஸ்டில் பல நேரம் தொகுப்பாளரே தம் குரலில் விளம்பரத்தைப் படிக்கிறார். நேற்றுவரை நமக்கு ஆறுதல் சொன்ன அதே குரல், அதே தொனியில், ஒரு வர்த்தகச் செயலியையோ கடன் செயலியையோ பரிந்துரைக்கிறது. எங்கள் உதவிக் குழுவிடம் வந்த ஒரு தம்பி, தங்கைக்கென்று சேர்த்த பணத்தை அப்படிப் போட்டு இழந்திருந்தார். "அண்ணன் சொன்னாரேன்னு நம்பினேன்" என்றார். எந்த அண்ணன் என்று கேட்டோம். போனை எடுத்துக் காட்டினார். அந்த அண்ணனை அவர் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. காசு வாங்கிக்கொண்டு படிப்பது எது, தாமாகச் சொல்வது எது என்று வீட்டில் கூடிக் கேட்கும்போது பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் நம்மைவிட வேகமாகப் பிடித்துவிடுகிறார்கள்.

உம்மம்மாக்கள் சிலர், "அப்ப எதைத்தான் கேக்குறது?" என்று அலுத்துக்கொண்டார்கள். தாராளமாகக் கேளுங்கள். பிடித்ததைச் சொல்லுங்கள், சண்டையும் போடுங்கள். 'இந்தத் தொகுப்பாளர் எனக்குப் பிடிக்கும்' என்பதோடு 'அவர் இன்ன விஷயத்தில் இன்னாரைக் கேட்டார், இன்னாரைக் கேட்கவில்லை' என்று இன்னொரு வரியும் சேர்ந்து வந்தால் போதும்.

இன்ஷா அல்லாஹ், வரும் மாத அமர்வில் ட்ரோஜன் ஹார்ஸ் தொடரின் முதல் பகுதியைக் கூடத்தில் எல்லோருமாகக் கேட்கிறோம். ஆங்கிலம் பழக்கமில்லாதவர்களுக்காக இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்லப்படும். தேநீர் உண்டு. திரும்பக் கேட்டுவிட்டு வருவதாகச் சொன்ன தம்பிக்கு முதலில் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அவருக்கு அடுத்து அந்த மாணவி.