பெரியப்பாவின் அம்பாசிடரும் ஒரு ஸ்பிளிட் பின்னும்

எங்க ஊர் அரும்பாவூர். மரச்சிற்பத்துக்குப் பேர் போன ஊர், 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோயில் தேர் பார்த்திருப்பீங்க. அதுக்கு ஸ்டியரிங் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்புவாங்க. கட்டை நழுவினால் தேர் தன் இஷ்டத்துக்குப் போகும். காரிலும் இப்படி ஒரு சின்னப் பொருள் காவல் நிற்கிறது என்று இந்த செமஸ்டர் லீவில்தான் எனக்குப் புரிந்தது.

பெரியப்பாவிடம் 1987 மாடல் அம்பாசிடர் இருக்கு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-இன் வாரிசு. உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகணும். நான் ஓட்டிப் பார்த்தேன், ஸ்டியரிங் நேராக நிற்கவே இல்லை.

"கொஞ்சம் ஆட்டம் இருக்கும்டா, பழகிடும்" என்றார் பெரியப்பா.

பழகக் கூடாத விஷயம் அது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 98 என்ன சொல்லுது? ஸ்டியரிங் வீலில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. பால் ஜாயின்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்கணும். போல்ட், பின் எல்லாம் கழலாமல் பூட்டியிருக்கணும். 40 செ.மீ. விட்டமுள்ள வீலில் 30 டிகிரி என்பது விளிம்பில் சுமார் 10.5 செ.மீ. அது உச்ச வரம்புதான். அம்பாசிடரில் இருப்பது ரேக் அண்ட் பினியன், நல்ல நிலையில் அதில் ஆட்டம் ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும்.

எங்கே தேய்மானம்?

பின் சக்கரத்துக்குக் கல் வையுங்க. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்க. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் தெரியும். 12, 6-இல் ஆட்டினால் சஸ்பென்ஷன் மூட்டு தெரியும். ஒருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் குற்றவாளி வீல் பேரிங்.

எங்கள் வண்டியில் 9-3இல்தான் ஆட்டம். ரப்பர் மூடி கிழிந்து, உள்ளே மண். அதைவிட மோசம், ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் யாரோ ஒரு ஆணியை வளைத்துச் செருகியிருந்தாங்க! அது உடைந்து, நட்டும் கழன்றிருந்தால் ஒரு சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. பெரியப்பா ஆணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

மாற்றும் முறை

1. பின்னை எடுத்து, நட்டைத் தளர்த்துங்க. முழுசாகக் கழற்ற வேண்டாம், சில மரை பிடித்திருக்கட்டும்.

2. மூட்டு டேப்பர் பிடிப்பில் இறுகியிருக்கும். புல்லர் போடுங்க. இல்லையென்றால், அது உட்கார்ந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் தட்டுங்க. கண் ஒரு கணம் நெளியும், பிடி விடும். போல்ட் முனையில் அடித்தால் மரை கெட்டுப்போகும்.

3. லாக் நட்டைத் தளர்த்தி, பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணுங்க. புதியதை அதே சுற்றில் ஏற்றுங்க.

4. நட்டை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்குங்க. பின் ஓட்டை நேர் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கணும், பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் எப்போதும் புதுசு.

டோ-இன்

வண்டியை இறக்கி, கொஞ்சம் உருட்டுங்க. இரு முன் டயர்களின் முன்பக்கமும் அச்சு உயரத்தில் சாக்பீஸ் குறி போட்டு, இடைவெளி அளங்க. வண்டியை அரைச் சுற்று நகர்த்தினால் அதே குறிகள் பின்பக்கம் வரும், மறுபடி அளங்க. வித்தியாசம்தான் டோ. அதே குறியை அளப்பதால் ரிம் நெளிவு கணக்கைக் கெடுக்காது. இது தற்காலிகம்தான், அடுத்து அலைன்மென்ட் கடைக்குப் போகணும்.

வெள்ளிக்கிழமை பெரியப்பாதான் ஓட்டினார். வண்டி நேராகப் போனது. உங்க வீட்டுப் பழைய வண்டிக்கு அடியிலும் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்க. அங்கே ஆணி இருக்கலாம்.