கோடை பண்பலையும் நியூட்ரினோவும்: ரேடியோ செய்தியை எப்படிக் கேட்பது?

எங்க தேனி பக்கம் ரேடியோன்னா கோடை பண்பலைதான், 100.5 மெகாஹெர்ட்ஸ். அதை வச்சு ரெண்டு விஷயம் படிக்கலாம்: சிக்னல் எவ்வளவு தூரம் போகுது, செய்தி எவ்வளவு ஆழம் போகணும்.

முதல்ல சிக்னல். எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல போகும். பூமி உருண்டைங்கிறதால ஒரு தூரத்துக்கு அப்புறம் தரை அதை மறைச்சிடும். ஆன்டெனா உயரத்தோட (மீட்டர்ல) வர்க்கமூலத்தை 4.12-ஆல பெருக்குங்க, அந்தத் தூரம் கிலோமீட்டர்ல கிடைக்கும். சமவெளியில 50 மீட்டர் டவருக்கு 29 கி.மீ. வரும். சுமார் 2,100 மீட்டர் உயரத்துல இருக்கிற கொடைக்கானலுக்குப் போட்டா கிட்டத்தட்ட 190 கி.மீ.! குறுக்கே மலை வந்தா மட்டும் சிக்னல் அடிவாங்கும்.

அடுத்தது செய்தி. இந்தியாவுல தனியார் எஃப்.எம். சொந்தமா செய்தி தயாரிக்கக் கூடாது. ஆகாஷ்வாணி செய்தியை மாத்தாம அப்படியே மறுஒலிபரப்பு மட்டும் பண்ணலாம். சமுதாய வானொலிக்கும் இதே நிலைதான். அதாவது ரேடியோவுல செய்தின்னா அரசு வானொலி ஒண்ணுதான். 1990-ல நிறைவேறி 1997-ல நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டம் அதோட கடமைகளைச் சொல்லுது: தன் கருத்தைத் திணிக்காம, மாறுபட்ட கருத்துகளையும் சேர்த்து நடுநிலையா தகவல் தரணும். விவசாயம், சுற்றுச்சூழல், அறிவியலுக்குத் தனிக் கவனம் கொடுக்கணும்.

இந்த மூணும் ஒரே இடத்துல மோதின கதைதான் தேவாரம் பக்கத்துல இருக்கிற பொட்டிபுரம். மலையைக் குடைஞ்சு சுமார் 2 கி.மீ. சுரங்கம், உள்ளே 50,000 டன் இரும்பு டிடெக்டர். இந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. செலவு சுமார் 1,500 கோடி ரூபாய்.

இதைப் பத்தி ஒரு செய்தி வந்தா மூணு கேள்வியைத் தனித்தனியா கேளுங்க.

1. அறிவியல்: நியூட்ரினோ ஆபத்தா? இல்லை. சூரியன்ல இருந்து வர்றது மட்டுமே நம்ம உடம்போட ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாவும் செகண்டுக்கு சுமார் 6,500 கோடி போயிட்டே இருக்கு.

2. சுற்றுச்சூழல்: நியூட்ரினோ பாதிக்காதுன்னா சுரங்கமும் பாதிக்காதா? அது வேற கேள்வி. வெடி வைக்கணும், பாறைக்கழிவைக் கொட்டணும், தண்ணி வேணும். மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவும் 5 கி.மீ.க்குள்ள இருக்கு.

3. அரசியல்: யார் முடிவு எடுக்கிறாங்க? 2017-ல பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வச்சது. 2018-ல மத்திய அமைச்சகம் திரும்ப அனுமதி கொடுத்தது. 2022-ல தமிழக அரசு அனுமதிக்க மாட்டோம்னு உச்ச நீதிமன்றத்துல சொன்னது.

‘கதிர்வீச்சு வரும்’னு மட்டும் சொன்னா முதல் கேள்வியில தப்பு. ‘நியூட்ரினோ பாதுகாப்பானது, அதனால பயம் வேண்டாம்’னு முடிச்சா, ரெண்டாவது கேள்விக்குப் பதிலே சொல்லலை. அணை, காத்தாலை, அணுமின் நிலையம் எதுக்கும் இதே மூணு கேள்வி பொருந்தும்.

தோட்டத்துல வேலை பார்த்துக்கிட்டே ரேடியோ கேக்கிறவருக்குத் தன் மலை, தன் தண்ணி பத்தின முடிவு இது. சேனலை மாத்தினாலும் அவருக்கு வேற செய்தி கிடைக்காது. அதனால, கிடைக்கிற அந்த ஒரு செய்தியில மூணு கேள்விக்கும் பதில் இருக்கணும்.