படம் மங்கலா? கண்டென்சரைக் கவனியுங்கள்

வீட்டில் செய்த ஸ்லைடு ப்ரொஜெக்டரில் படம் நடுவில் பளிச்சென்றும் ஓரங்களில் இருண்டும் விழுகிறதா? பல்பை மாற்ற ஓடாதீர்கள். ஒளியைத் திரட்டித் தரும் கண்டென்சர் லென்ஸை முதலில் பாருங்கள்.

1. ஸ்லைடின் மூலைவிட்டத்தைவிடப் பெரிய லென்ஸ் வாங்குங்கள். 35 மி.மீ. ஸ்லைடில் படம் 24×36 மி.மீ.; மூலைவிட்டம் சுமார் 43. ஆகவே 50 மி.மீ. விட்டம் வேண்டும். சிறியதானால் மூலைகள் கறுக்கும்.

2. ஒருபுறம் தட்டையான இரண்டு குவிலென்ஸ்களை, வளைந்த முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி பொருத்துங்கள். ஓரத்து ஒளி தடம் மாறுவது குறையும்.

3. பொறுமை தேவைப்படுவது இங்கேதான். ஸ்லைடை எடுத்துவிட்டு, படம் வீசும் லென்ஸின் பின்பக்கம் மெல்லிய வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். பல்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். அதன் உருவம் லென்ஸின் வட்டத்துக்குள் அடங்கும் இடத்தில் இறுக்குங்கள். வட்டத்துக்கு வெளியே விழும் ஒளி திரைக்குப் போவதில்லை, மின்சாரம்தான் வீண்.

4. அகலமான எல்.இ.டி. பலகை வேண்டாம், புள்ளியாக எரியும் சிறிய எல்.இ.டி. போதும். பரந்த ஒளியைச் சிறிய இடத்தில் அடக்க எந்த லென்ஸாலும் முடியாது.

5. ஸ்லைடைக் கண்டென்சரிலிருந்து சற்றே தள்ளி வையுங்கள். லென்ஸ் தூசி திரையில் தெரியாது. ஹாலஜன் பல்பா? இடையில் வெப்பம் உறிஞ்சும் கண்ணாடி கட்டாயம், இல்லாவிட்டால் பிலிம் சுருண்டுவிடும்.