பைசா கணக்கில் கம்ப்யூட்டர் தவறு செய்யுமா?

வீட்டில் புரோகிராமிங் பழகுபவர்கள் பலரும் முதலில் எழுதிப் பார்ப்பது பில் போடும் புரோகிராம்தான். நானும் உறவினர் ஒருவரின் மளிகைக் கடைக்கு ஒன்று எழுதிக் கொடுத்தேன். நன்றாகத்தான் ஓடியது.

ஒரு நாள், மாதக் கணக்கு வைத்திருந்த பெரியவர் ஒருவர் போன் வழியாக ஒரு பைசா குறையாமல் பணம் கட்டினார். ஆனாலும் பாக்கிப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீங்கவில்லை. கடைப் பையன் நாலு பேர் முன்னால், "இன்னும் பாக்கி இருக்குங்க ஐயா" என்று சொல்லிவிட்டான். எவ்வளவு என்று பார்த்தால், திரையில் ரூ. 0.00! பெரியவர் பேசாமல் போய்விட்டார். தவறு அவருடையதும் அல்ல, பையனுடையதும் அல்ல, என்னுடையது.

காரணம் என்ன?

பிரவுசரில் எஃப்12 கீயை அழுத்தி, கன்சோல் பகுதியில் 0.1 + 0.2 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 0.30000000000000004 என்று விடை வரும். மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333... என்று முடிவில்லாமல் எழுதுவது போல, பத்தில் ஒரு பங்கை பைனரியில் முழுமையாக எழுத முடியாது. கம்ப்யூட்டர் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கிறது. அரை, கால், முக்கால் போன்றவை மட்டும் சரியாக வரும். நான் ரூ. 45.50 போன்ற தொகைகளை வைத்தே சோதித்ததால் பிழை கண்ணில் படவில்லை. பாக்கி பூஜ்யத்துக்குச் சமமா என்று புரோகிராம் பார்த்தபோது, கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளி குறுக்கே நின்றது.

இது சின்ன விஷயம் அல்ல. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு இதே 0.1 வினாடியை வெட்டி வைத்திருந்ததால், 100 மணி நேர ஓட்டத்தில் அதன் கணக்கு சுமார் மூன்றில் ஒரு வினாடி விலகியது. வந்த ஏவுகணையைத் தடுக்க முடியாமல் 28 அமெரிக்க வீரர்கள் இறந்தனர்.

என்ன செய்ய வேண்டும்?

1. பணத்தைப் பைசாவாக, முழு எண்ணில் சேமியுங்கள். ரூ. 45.50 என்றால் 4550. எடையையும் கிராமில் வையுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் ரூபாயாக மாற்றினால் போதும்.

2. மாற்றும்போதும் கவனம் தேவை. 4.35-ஐ 100 ஆல் பெருக்கினால் 434.99999999999994 வரும். தசமப் பகுதியை அப்படியே வெட்டினால் ஒரு பைசா போய்விடும். அருகிலுள்ள முழு எண்ணுக்கு ரவுண்ட் செய்யுங்கள்.

3. இந்த மாற்றத்தை ஒரே ஃபங்ஷனில் எழுதி, எல்லா இடத்திலும் அதையே அழையுங்கள். பிறகு திருத்துவதும் ஓரிடத்தில் முடிந்துவிடும்.

4. பைத்தானில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல், விஷுவல் பேசிக் 6-ல் கரன்சி என்று பணக் கணக்குக்கு ஏற்ற வகைகள் உண்டு. அவற்றையும் பயன்படுத்தலாம்.

5. பிழை தந்த பில்லை அழிக்காதீர்கள். அதையே சோதனையாக வைத்து, புரோகிராமை மாற்றும்போதெல்லாம் ஓட்டிப் பாருங்கள்.

என் சோதனைப் பட்டியலில் முதலில் இருப்பது அந்தப் பெரியவரின் கணக்குதான்.