பி வகை ஜீவசத்து மாத்திரைகளும் அவற்றை உபயோகிக்கும் முறையும்

பயிருக்குத் தழைச்சத்து மூட்டைக் கணக்கில் வேண்டியிருக்க, துத்தநாகம் போன்ற நுண்சத்துக்கள் சிறிதளவே போதுமென்பதை விவசாயிகள் அறிவார்கள். மனித தேகத்துக்கும் அவ்வாறே. பி வகையைச் சேர்ந்த ஜீவசத்துக்கள் எட்டு. இவை நாளொன்றுக்கு மில்லிகிராம் அல்லது மைக்ரோகிராம் அளவிலேயே வேண்டியவை. எனினும் குறைந்தால் நரம்பும் இரத்தமும் கெடும்.

இவ்வுண்மை வெளிப்பட்டது நெல் தவிட்டினாலேயாகும். 19-ம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தளர்ந்து வீழ்வதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்தால் குணமடைவதையும் கண்டார். மனிதருக்கு வரும் பெரிபெரி வியாதிக்குக் காரணம் இதனால் விளங்கலாயிற்று. 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டிலுள்ள பி1 சத்தை 1936-ல் செயற்கையாய்ச் செய்தவர் நெல்லூரில் பிறந்த அமெரிக்க ரசாயனி வில்லியம்ஸ் ஆவார். அக்காலத்தில் சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் ஜில்லாக்களில், மில்லில் தீட்டிய பச்சரிசி உண்டோரிடையே பெரிபெரி மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அரிதாயிருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது இச்சத்து தவிட்டிலிருந்து அரிசிக்குள் ஊடுருவுவதே காரணம். ஆதலால் அதிகமாய்த் தீட்டாத அரிசியை உண்பதும், பலமுறை களையாதிருப்பதும், வடித்த கஞ்சியைக் கொட்டாதிருப்பதும் மாத்திரைக்கு முந்திய வழிகளாகும்.

மாத்திரை யாருக்கு அவசியம்? பி12 சத்து இயற்கையில் பால், முட்டை, மீன், மாமிசம் முதலியவற்றிலேயே உள்ளது. ஆகையால் பாலும் நீக்கிய சைவ உணவினருக்கு இது அவசியம். முதியோர்க்கும், நீரிழிவுக்கு மெட்பார்மின் நெடுங்காலம் உண்போர்க்கும் இது குறையக்கூடும். கருவுற விரும்பும் பெண்கள் ஒரு மாதம் முன்னிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உட்கொண்டால், சிசுவின் முதுகுத்தண்டுக் குறைகள் பெரிதும் தடுக்கப்படும். குடிப்பழக்கம் மிகுந்தோர்க்குப் பி1 குறைவு நேரும். காசநோய்க்கு ஐசோனியாசிட் உண்போர்க்குப் பி6 சத்தை வைத்தியரே கொடுப்பதுண்டு.

பி சத்துக்கள் நீரில் கரைவன; மிகுந்தது சிறுநீரில் போய்விடும்; ஆகையால் எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். சிறுநீர் மஞ்சளாவது பி2 சத்தினால், அதில் கேடில்லை. ஆனால் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. பி12 குறைந்தவர் போலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாய் உண்டால் இரத்தசோகை தீர்ந்தாற்போல் தோன்றும். நரம்பின் கேடோ உள்ளே வளர்ந்து, சிலருக்கு மீளாததாகிவிடும்.

2. பி6 நாளொன்றுக்குச் சுமார் 2 மில்லிகிராம் போதும். மாதக்கணக்கில் மிகையாய் உண்டால் அதுவே கால் மரத்துப்போகச் செய்யும். கிராம் கணக்கில் உண்டு நடை தடுமாறியவர்களைப் பற்றி 1983-ல் அமெரிக்க வைத்தியர்கள் எழுதினர். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் விதித்த உச்ச அளவு 12 மில்லிகிராம். கால் மதமதப்புக்கென்று உண்ணும் மாத்திரையே அம்மதமதப்பை வளர்க்கலாமாதலின், இது மிகவும் கவனிக்கத்தக்கது.

3. நியாசின் மிகுந்தால் முகம் சிவந்து எரியும். பேரளவில் ஈரலைக் கெடுக்கும்.

4. பயோடின் பேரளவில் உண்போரின் தைராய்டு முதலிய இரத்தப் பரிசோதனைகள் தவறான முடிவைக் காட்டலாம். பரிசோதனைக்கு முன் வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும்.

உட்கொள்ளும் முறையாவது: அட்டையிலுள்ள அளவைப் படிக்க வேண்டும். இருவேறு பெயருள்ள மாத்திரைகளில் ஒரே சத்து இருக்கக்கூடுமாதலால் இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். குமட்டல் உள்ளவர்கள் உணவுக்குப்பின் உண்ணலாம். வலிப்புக்கோ மூட்டுவாதத்துக்கோ மருந்துண்போர் வைத்தியரைக் கேளாமல் போலிக் அமிலம் தொடங்கலாகாது. மாத்திரைகளை ஈரமும் வெயிலும் படாத இடத்தில், பூச்சிமருந்துக்கு அப்பால், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். இரும்புச்சத்து கலந்தவை சிறு குழந்தைகளின் உயிருக்கே ஆபத்தானவை.

கிராம அதிகாரிகள், உடல் வெளுத்தும் கால் மரத்தும் இருப்போரைக் கடைக்கு அனுப்பாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்களாக. மண்ணைப் பரிசோதித்து உரமிடுவது போலவே, இரத்தத்தைப் பரிசோதித்து, குறைந்த சத்தை வேண்டிய அளவில் கொடுப்பதே முறையாகும்.